கண்ணியமானி

தொழிலாளர்கள் மரியாதையாகப் பேசாததால்தான் நாடு முன்னேறாமல் இருக்கிறது என்பது ஒரு நாள் திடீரென்று கண்டுபிடிக்கப்பட்டது. அதுவரை நாடு ஏன் முன்னேறவில்லை என்பது யாருக்கும் தெரியாமல் இருந்ததால், இந்தக் கண்டுபிடிப்பை எல்லாத் தரப்பினரும் கைதட்டி வரவேற்றார்கள்.

கண்டுபிடித்தவர் ஓர் உயர் அதிகாரி. அவர் கண்டுபிடித்த விதத்தையும் சொல்லிவிட வேண்டும். குழாய், கரண்ட், தச்சு, பெயின்ட் என்று கைவேலை செய்கிறவர்கள் எல்லாரும் சேர்ந்து இணையத்தில் ஒரு குழு வைத்திருந்தார்கள். பார்த்த வேலையைப் படம் பிடித்துப் போட்டு, ஒருவரையொருவர் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொள்வது அங்கே வழக்கம். ஒரு நாள் முகம் காட்டாத ஒருவர் ஒரு வாஷ்பேசின் படத்தைப் போட்டு, "வீடியோ பார்த்து நானே பொருத்தினேன். எப்படி இருக்கிறது, நண்பர்களே?" என்று கேட்டிருந்தார். பேசினுக்குக் கீழே கழிவுக் குழாய் சிறிது தூரம் இறங்கி, மறுபடி மேலே ஏறி, பிறகு மனசு மாறியதுபோல் பக்கவாட்டில் சுவருக்குள் போயிருந்தது. மூட்டுக்கு மூட்டு பாலித்தீன் பை சுற்றியிருந்தது.

எப்படி இருக்கிறது என்று நண்பர்கள் சொன்னார்கள். சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அதில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தது ஒரு பதிலுக்கு: "இந்தக் குழாயை மாட்டின எருமை எவன்டா? தண்ணி மேல ஏறிப் போகும்னு அந்த எருமைக்கு எந்த எருமை சொல்லிக் குடுத்துச்சு?"

சில நாள் கழித்து, மேற்படி உயர் அதிகாரி ஒரு கூட்டத்தில் தொழிலாளர் மொழியின் சீரழிவைப் பற்றிப் பேசும்போது கண்ணீர் பெருகி, தொடர முடியாமல் உட்கார்ந்துவிட்டார். கூட்டம் உருகிப்போனது. கண்ணிய மொழி வாரியம் அமைக்கப்பட்டது. அவரே தலைவரானார். வாஷ்பேசினுக்கும் கண்ணீருக்கும் சம்பந்தம் இருக்கும் என்று அப்போது யாரும் சந்தேகப்படவில்லை.

ஒரே பதிலில் மூன்று எருமைகளைக் கட்டியவர் ஒரு குழாய்க்காரர். நல்ல வேலைக்காரர். அவருக்கு ஒரு மச்சான். இருவரும் ஒரே பட்டறையில் தொழில் கற்றவர்கள். பிறகு குழாய்க்காரர் மச்சானின் தங்கையைக் கட்டிக்கொண்டார். அன்றிலிருந்து நட்பு உறவாகிவிட்டதே தவிர, மரியாதை எதுவும் கூடிவிடவில்லை. இரண்டு பேரும் சேர்ந்தே வேலைக்குப் போவார்கள். ஒருவர் மாடியில் குழாயைக் கழற்ற, இன்னொருவர் கீழே வால்வைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டிய தொழில் அது.

அங்கேதான் ஒரு சங்கடம். மாடியிலிருந்து "மூடு!" என்று கத்தினால், அடுக்குமாடிக் கட்டடத்தில் இருக்கிற அத்தனை பேரும் எதையாவது மூடினார்கள். ஜன்னலை மூடினார்கள், அடுப்பை மூடினார்கள், பேசிக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடினார்கள். மச்சான் மட்டும், தன்னைச் சொல்லவில்லை என்று நினைத்துச் சும்மா நிற்பார். ஆகவே இருவரும் அனுபவத்தில் ஒரு முறையைக் கண்டுபிடித்திருந்தார்கள். "எருமை!" என்றால் மூடு. "மூதேவி!" என்றால் திற. "பன்னி!" என்றால் அப்படியே இரு. எருமை என்று கூப்பிட்டால், அந்தக் கட்டடத்தில் வேறு யாரும் தன்னை என்று நினைத்துக்கொள்ள மாட்டார்கள். மச்சான் ஒருவர்தான் நினைத்துக்கொள்வார். இத்தனை வருஷத்தில் ஒரு சொட்டு தண்ணீர் தப்பான இடத்தில் விழுந்ததில்லை.

இந்த நிலையில்தான் வாரியம் கண்ணியமானியைக் கொண்டுவந்தது. தீப்பெட்டி அளவில் ஒரு கருவி. உரிமம் வைத்துத் தொழில் செய்கிற ஒவ்வொருவரும் அதைச் சட்டைப்பையில் மாட்டிக்கொள்ள வேண்டும். மரியாதையாகப் பேசினால் பச்சை விளக்கு எரியும். இல்லாவிட்டால் எலி மிதிபட்டதுபோல் 'கீச்' என்று கத்தி மதிப்பெண்ணைக் குறைக்கும். இணையக் குழுவில் எழுதுவதற்கும் அதே கணக்குத்தான். மதிப்பெண் பாதிக்குக் கீழே போனால் உரிமம் ரத்து.

முதல் நாள் குழாய்க்காரர் மாடியிலிருந்து வழக்கம்போல் "எருமை!" என்றார். கீச். "மூடிட்டேன்டா நாயே!" என்றார் மச்சான். கீச். "என்னடா கீச்சுன்னு ஒரு சத்தம்?" என்றார் குழாய்க்காரர். அந்த 'டா'வுக்கும் ஒரு கீச். மாலைக்குள் இருவர் மதிப்பெண்ணும் சேர்ந்து ஒருவருக்குப் போதாத அளவுக்கு வந்துவிட்டது. முதல் தடவை என்பதால் உரிமத்தை ரத்து செய்யாமல், வாரியம் அவர்களைப் பயிற்சி வகுப்புக்கு அனுப்பியது.

மச்சான் முதல் வகுப்பிலேயே ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து தூங்கிவிட்டார். குழாய்க்காரருக்குப் பிழைப்பு முக்கியம். முன்வரிசையில் உட்கார்ந்தார். பயிற்றுநர் ஓர் அம்மையார். அவர் கோபத்தில் இருக்கும்போதுகூட நன்றி சொல்லித்தான் முடிப்பார்.

"சுத்தியல் உங்கள் கட்டைவிரலில் விழுந்துவிட்டது. என்ன சொல்வீர்கள்?" என்று ஒரு தச்சரைக் கேட்டார்.

தச்சர் சொன்னார். அறையில் இருந்த அத்தனை கண்ணியமானிகளும் ஒரே குரலில் கீச்சிட்டன.

"தவறு. 'அடடா, எதிர்பாராத நிகழ்வு' என்று சொல்ல வேண்டும்."

"சுத்தியல்கிட்ட சொல்லணுமா மேடம், விரல்கிட்டயா?"

"இரண்டுக்கும் பொதுவாக."

குழாய்க்காரர் கையைத் தூக்கினார். "அவசரத்துல ஒருத்தரைக் கூப்பிடணும்னா எப்படி மேடம்?"

"ஐந்து படிகள். முதலில் வணக்கம். அடுத்து விளிப்பு. பிறகு காரணம், வேண்டுகோள், நன்றி."

"தண்ணி பீய்ச்சி அடிக்குமே மேடம்?"

"பீய்ச்சி அடிக்கட்டும். அது மூன்றாம் படியில் காரணமாக வந்துவிடும். அதற்காக வணக்கத்தை விட்டுவிடக் கூடாது. நன்றி."

குழாய்க்காரர் கண்ணாடி முன் நின்று பழகினார். முதலில் நாக்கு புரளவில்லை. போகப் போக, "தாங்கள்" என்று சொன்னால் உதடு தானாகவே குவிந்தது. பச்சை விளக்கு எரிய எரிய, மதிப்பெண்ணும் ஏறியது. ஒரு நாள் காலை, வேலை நடந்துகொண்டிருக்கும்போது மச்சானைப் பார்த்துச் சொன்னார்:

"வணக்கம். மதிப்பிற்குரிய மச்சான் அவர்களே, நட்டு இறுகியிருப்பதால், தாங்கள் அருள்கூர்ந்து அந்த ஸ்பேனரைத் தந்தால் மகிழ்வேன். நன்றி."

மச்சான் கையிலிருந்த ஸ்பேனர் கீழே விழுந்தது. தன்னிடம் இவ்வளவு மரியாதையாக அதற்கு முன் பேசியது, ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு டாக்டர் மட்டும்தான்.

"நான் என்ன தப்பு பண்ணேன்? நேரடியா சொல்லிடுடா."

"ஒரு தவறும் இல்லை. தங்கள் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு."

"ஓ… அவ்வளவு தூரம் போயாச்சா?"

அதற்குப் பிறகு மச்சான் வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்தினார். வேலையிடத்தில் அவரும் பதிலுக்கு மரியாதை செய்ய ஆரம்பித்தார். வகுப்பில் தூங்கியவர் எங்கே கற்றாரோ, "தங்கள் திருவுளம் எப்படியோ அப்படியே ஆகட்டும்" என்றெல்லாம் பேசினார். இருவர் சட்டைப்பையிலும் பச்சை விளக்கு அணையாமல் எரிந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

குழாய்க்காரரின் மனைவிக்குப் பொறுக்கவில்லை. "எங்க அண்ணனை நீங்க திட்டி எத்தனை நாளாச்சு? நம்ம கல்யாணத்தன்னைக்கு மாலையும் கழுத்துமா நின்னுக்கிட்டே அவரைத் திட்டினீங்க. அதைப் பார்த்துத்தான் எனக்கு, இந்த மனுஷன் நம்மளை நல்லா வச்சுக்குவாருன்னு ஒரு தைரியமே வந்துச்சு. இப்ப என்னடான்னா அவர்களேங்கறீங்க, இவர்களேங்கறீங்க. ரெண்டு பேருக்கும் நடுவுல என்னங்க ஆச்சு?"

"ஒண்ணுமில்லை. உரிமம் போயிடும்."

"அண்ணன் போயிட்டா?"

குழாய்க்காரர் சட்டைப்பையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். யாராவது தன்னை ஒரு தடவை நாயே என்று கூப்பிட மாட்டார்களா என்று ஏங்கிப்போயிருந்தார். ஆனால் மதிப்பெண் தொண்ணூற்றெட்டில் நின்றது. அதை இழக்கவும் மனசு வரவில்லை.

இணையக் குழுவின் கதி இன்னும் மோசம். ஒரு பெயின்டர் தான் அடித்த சுவரைப் படம் போட்டதற்கு, ஒரு தச்சர், "தங்கள் அரிய கைவண்ணம் கண்டு மெய்சிலிர்த்தேன்" என்று எழுதினார். பெயின்டர் நேரே அவர் வீட்டுக்குப் போய்ச் சட்டையைப் பிடித்தார். "என் வேலையில என்ன குறை கண்டீங்க ஐயா?" இருவரும் "மதிப்பிற்குரியவரே, மதிப்பிற்குரியவரே" என்று சொல்லிச் சொல்லி அடித்துக்கொண்டார்கள். அந்த மாதத்தில் முழு மதிப்பெண் வாங்கியவர்கள் அவர்கள் இருவர்தான்.

இப்படி நாடு முன்னேறிக்கொண்டிருந்தபோது, வாரிய அலுவலகத்திலேயே தண்ணீர் ஒழுகியது. அதுவும் தலைவர் அறையை ஒட்டிய குளியலறையில். அதிக மதிப்பெண் பெற்ற குழாய்க்கார ஜோடியைத்தான் கூப்பிட வேண்டும் என்பது விதி. குழாய்க்காரரும் மச்சானும் வந்து சேர்ந்தார்கள்.

மச்சான் கீழ்த்தளத்தில் வால்வுக்குப் பக்கத்தில் நின்றார். குழாய்க்காரர் மேலே போய்க் குளியலறைக் கதவைத் திறந்தார். எதிரே ஒரு வாஷ்பேசின். கீழே ஒரு குழாய் இறங்கி, ஏறி, பக்கவாட்டில் போனது. மூட்டுக்கு மூட்டு பாலித்தீன் பை. எந்த இருட்டிலும் அதை அவர் அடையாளம் கண்டுகொள்வார்.

தலைவர் பின்னால் வந்து நின்றார். "நானே பொருத்தியது," என்றார் அடக்கமாக. "எப்படி இருக்கிறது?"

குழாய்க்காரர் கைகூப்பினார். "தங்கள் அரிய கைவண்ணம் கண்டு மெய்சிலிர்த்தேன், ஐயா." பச்சை விளக்கு எரிந்தது.

பேசின் குழாயில் கைவைத்தார். தலைவர் தண்ணீர் வரும் குழாய்க்கும் பாலித்தீன் பைதான் சுற்றியிருந்தார். தொட்டதும் அது கையோடு வந்துவிட்டது. தண்ணீர் குழாய்க்காரர் மார்பில் அடித்து, தலைவரின் மூக்குக்கண்ணாடியைத் தட்டிக்கொண்டு போனது. குழாய்க்காரர் ஜன்னலில் தலையை நீட்டினார்.

"வணக்கம்! மதிப்பிற்குரிய மச்சான் அவர்களே! குழாய் கழன்று தண்ணீர் பீய்ச்சி அடிப்பதால், தாங்கள் அருள்கூர்ந்து வால்வை மூடினால் மகிழ்வேன்! நன்றி!"

கீழேயிருந்து குரல் வந்தது. "வணக்கம்! தங்கள் வேண்டுகோள் கிடைக்கப்பெற்றேன்! எளியவனாகிய என்னைக் கேட்பானேன்? தாங்களே இறங்கி வந்து மூடுவதுதான் தங்கள் தகுதிக்குப் பொருத்தம்! நன்றி!"

தண்ணீர் தலைவரின் காலணிக்குள் புகுந்தது. "என்ன இது? ஏதாவது செய்யுங்கள்!"

"ஐயா, ஒரே ஒரு சொல் இருக்கு. அதைச் சொன்னா உடனே மூடிடுவாரு."

"சொல்லுங்களேன்!"

"உரிமம் போயிடும் ஐயா. நீங்க அனுமதி குடுத்தா சொல்றேன்."

"அது என்ன சொல் என்று தெரியாமல் எப்படி அனுமதி தருவது? எழுதிக் கொடுங்கள்."

"எழுதினாலும் குற்றம்தானே ஐயா?"

இது தலைவருக்கும் நியாயமாகப் பட்டது. உறுப்பினர்கள் அவசரமாகக் கூட்டப்பட்டார்கள். எல்லாரும் நாற்காலியின் மேல் கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டு விவாதித்தார்கள். அந்தச் சொல் மனிதரைப் பற்றியதா என்று ஓர் உறுப்பினர் கேட்டார். இல்லை, மிருகத்தைப் பற்றியது என்றார் குழாய்க்காரர். காட்டு மிருகமா, வீட்டு மிருகமா என்று இன்னொருவர் கேட்டார். பால் கொடுக்கும் என்றார் குழாய்க்காரர். பால் கொடுக்கும் பிராணி என்பதால் ஆட்சேபம் எழவில்லை. கோப்புகள் மேஜைக்கடியிலிருந்து வாசலை நோக்கி மிதந்து போனபோது, ஒருமுறை உபயோகத்துக்கான தற்காலிக வசவு அனுமதி ஏகமனதாக வழங்கப்பட்டது.

குழாய்க்காரர் ஜன்னலுக்குப் போனார். இத்தனை மாதமாகத் தொண்டையில் தேங்கி நின்ற அத்தனையும் சேர்ந்து வந்தது.

"எருமை!"

தண்ணீர் நின்றது.

பிறகு கீழேயிருந்து மச்சானின் குரல் கிளம்பியது. நாயே என்று ஆரம்பித்து, இத்தனை நாள் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் மூச்சு விடாமல் அவிழ்த்துக்கொண்டே படியேறி வந்தது. அதை இங்கே எழுத முடியாது. அவர் சட்டைப்பையில் இருந்த கண்ணியமானி இரண்டாம் மாடிக்கு வருவதற்குள் கத்திக் கத்திச் செத்துப்போனது. மச்சான் உள்ளே நுழைந்து, உறுப்பினர்கள் முன்னிலையில் குழாய்க்காரரைக் கட்டிக்கொண்டு அழுதார். குழாய்க்காரரும் அழுதார். "இத்தனை நாள் எங்கடா போயிருந்தே, பன்னி?" என்றார் மச்சான். அப்படியே இரு என்று அர்த்தம். இருவரும் சிறிது நேரம் அப்படியே இருந்தார்கள்.

கதை இங்கே முடிந்திருந்தால் எல்லாருக்கும் நல்லது. ஆனால் வாரியத்தில் அறிவுள்ளவர்கள் இருந்தார்கள். அவர்கள் நடந்ததை ஆராய்ந்து அறிக்கை தயாரித்தார்கள். ஐந்து படி மரியாதையால் நிற்காத தண்ணீர், ஒரே வசவில் நின்றிருக்கிறது. ஆகவே மரியாதை என்பது வீண்செலவு. வசவே திறமையின் அடையாளம். இனி உரிமம் உள்ள எல்லாத் தொழிலாளர்களும், அங்கீகரிக்கப்பட்ட வசவுகளை மட்டும், தவறாமல் பயன்படுத்த வேண்டும் என்று ஆணை பிறந்தது. முதல் தர வசவாக எருமை அறிவிக்கப்பட்டது. கண்ணியமானியின் மூளையை மாற்றினார்கள். வசவுக்குப் பச்சை விளக்கு எரிந்தது.

அதே அம்மையார்தான் வகுப்பெடுத்தார். "எருமை என்று சொல்லும்போது புருவம் சற்று உயர வேண்டும். நன்றி, நாயே."

சனங்களுக்கு இது பிடித்துப்போனது. திட்டாத தொழிலாளியை வீட்டுக்காரர்கள் வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். தொழில் தெரிந்தவன் என்றால் இந்நேரம் திட்டியிருக்க மாட்டானா என்று கேட்டார்கள். பிறகு திட்டுவது நாகரிகமாகி, தொழில் தெரியாதவர்களிடமும் பரவியது. எருமை என்று அச்சடித்த சட்டைகளைப் போட்டுக்கொண்டு பணக்காரர்கள் காலையில் ஓடினார்கள். அலுவலகங்களில் பதவி உயர்வு பெற்றவருக்கு 'முதுபெரும் எருமை' என்ற பட்டயம் தந்தார்கள். வாரியத் தலைவர் தன்னை அழவைத்த அந்த மூன்று எருமைப் பதிலைக் கண்ணாடி போட்டு, தன் நாற்காலிக்கு மேலே மாட்டிவைத்தார். கீழே, 'எனக்கு எழுதப்பட்டது' என்று ஒரு வரி.

குழாய்க்காரரும் மச்சானும் முதலில் மகிழ்ந்தார்கள். பிறகு ஒரு நாள், ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் உச்சியில் குழாய் பிய்த்துக்கொண்டது. குழாய்க்காரர் ஜன்னலில் தலையை நீட்டி, "எருமை!" என்று கத்தினார்.

எல்லா மாடிகளிலும் ஜன்னல்கள் திறந்தன. "சொல்லுங்க!" என்றார் ஒருவர். "என்னையா கூப்பிட்டீங்க? ரொம்ப நன்றி!" என்றார் இன்னொருவர். சட்டையைச் சரிசெய்துகொண்டு ஒரு வங்கி மேலாளர் கையசைத்தார். கீழே மச்சான், கூப்பிட்டது வேறு யாரோ பெரிய மனிதரை என்று நினைத்துச் சும்மா நின்றார். தண்ணீர் படிக்கட்டில் இறங்க ஆரம்பித்தது.

குழாய்க்காரருக்கு வேறு வழி தெரியவில்லை.

"மச்சான்! தண்ணியை மூடுப்பா!"

மச்சான் நிமிர்ந்து பார்த்தார். உடனே மூடினார். அவர் கண் கலங்கியது மேலேயிருந்தே தெரிந்தது. ஆனால் கட்டடம் முழுவதும் முகம் சுளித்தது. ஒரு தாய் பிள்ளையின் காதைப் பொத்தி உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. குழாய்க்காரரின் சட்டைப்பையில், வெகுநாளைக்குப் பிறகு, 'கீச்' என்று ஒரு சத்தம் கேட்டது.

வாரியத்திலிருந்து கடிதம் வந்தது.

'அன்புள்ள எருமை அவர்களுக்கு,

தாங்கள் பொது இடத்தில், பெண்களும் குழந்தைகளும் கேட்கும்படி, வணக்கமோ வசவோ இல்லாமல், மனதில் பட்டதைச் சாதாரணமாகப் பேசியதாகப் புகார்கள் வந்துள்ளன. தங்கள் உரிமத்தை ஏன் ரத்து செய்யக் கூடாது என்பதற்கு உடனே விளக்கம் அளிக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
நாய், தலைவர்.'

குழாய்க்காரரின் மனைவி அதை வாங்கி இரண்டு தடவை படித்தாள். "நான் என்னமோ ஏதோன்னு பயந்தே போயிட்டேன். பரவாயில்லைங்க, எவ்வளவு மரியாதையா எழுதியிருக்காங்க!"

குழாய்க்காரர் பதில் எழுத உட்கார்ந்தார். மச்சான் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். 'மாட்சிமை தங்கிய நாய் அவர்களுக்கு' என்று முதல் வரி எழுதி முடித்ததும், மச்சான் எட்டிப் பார்த்தார்.

"டேய், இதை நீ மனசார எழுதறியா, மரியாதைக்கு எழுதறியா?"

குழாய்க்காரர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். அவருக்கே தெரியவில்லை.